பந்தில்லாத பேட்டு

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டுல ஒரு விளையாட்டுச் சாமான் கடை இருந்துச்சு. இப்ப அந்த எடத்துல செல்ஃபோன் விக்கறாங்க. கடைக்காரர் பேர சொல்ல மாட்டேன். சொன்னா அவருக்கு ஆகாது, எனக்கும் ஆகாது. ஊரே அவரை பாய்னுதான் கூப்பிட்டுச்சு, நானும் அப்படியே கூப்பிடறேன்.

அவரை மொதமொதல்ல பாத்த அன்னைக்கே கடையில ஒரு தகராறு. மலையடிவாரத்துல ஒரு அரசாங்க மேல்நிலைப் பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சரா நான் சேந்து ஒரு மாசம்கூட ஆகல. பிள்ளைங்களுக்கு ஸ்கிப்பிங் கயிறு வாங்க நின்னுக்கினு இருந்தேன். ரெண்டு பேரு பைக்கை ஓரங்கட்டிட்டு ஏறி வந்தானுங்க. வெள்ளைச் சட்டை, கையில காப்பு.

"பாய், ஒரு பேஸ்பால் பேட்டு."

பாய் நிமிந்தே பாக்கல. கேரம் காயினை எண்ணி டப்பாவுல போட்டுக்கினு இருந்தாரு. "பேட்டு இல்ல. பந்து வேணா வாங்கிக்கினு போ."

அவர் தலைக்கு மேல கம்பியில ஏழெட்டு பேட்டு வரிசையா தொங்குது. கறுப்பு, சிவப்பு, மரக்கலர்.

"அப்ப இதெல்லாம் இன்னா, பொடலங்காயா?"

"ஆமா. பொடலங்காதான்."

ஒருத்தன் கேரம் பவுடர் டப்பாவை எத்திவிட்டான். படியெல்லாம் வெள்ளை. ரெண்டு பேரும் கெட்ட வார்த்தையில திட்டிக்கினே போய்ட்டானுங்க. பாய் எழுந்து வெளக்கமாத்தை எடுத்து, ஒண்ணும் நடக்காத மாதிரி பெருக்க ஆரம்பிச்சாரு. நான் கயிறைக் கீழ வெச்சிட்டு கிட்ட போனேன்.

"ஏன் பாய், இருக்கறத இல்லன்னு பொய் சொல்றீங்க?"

"பொய் இல்லம்மா. அவனுக்கு இல்ல." பெருக்கறதை நிறுத்திட்டு சொன்னாரு. "இந்த டவுன்ல அந்த ஆட்டம் ஆடறவன் எத்தினி பேரு? ஒரு கையி வெரலுக்கு வர மாட்டான். ஆனா மாசம் பொறந்தா பேட்டு கேட்டு வரிசையில வர்றான். பந்து கேட்டு ஒருத்தனாவது வர்றானா? பந்து இல்லாம பேட்ட வெச்சுக்கினு இன்னா பண்ணுவான்? கார் சீட்டுக்கு அடியில போட்டு வெப்பான்."

அதுதான் அந்த மனுஷன். பந்து வாங்காதவனுக்கு பேட்டு கெடையாது. அவர்கிட்ட எதைச் சொல்ல ஆரம்பிச்சாலும் கடைசியில அங்கதான் வந்து நிக்கணும்.

ஆளு ஒல்லி. மருதாணி போட்ட தாடி. மூக்குக் கண்ணாடிக்கு கயிறு. புதுப் பந்து வந்தா மூக்குகிட்ட வெச்சு மோந்து பாத்துட்டுத்தான் அடுக்குவாரு. லோக்கல் சரக்கை, வடக்க மீரட்டுல செஞ்ச ஒசத்தி சரக்குன்னு சொல்லி ஒரு நாளும் தலையில கட்ட மாட்டாரு. "இது மட்டம், ஒரு மாசம் தாங்காது, வேணுமா?"ன்னு கேட்டுதான் குடுப்பாரு. இப்படி வியாபாரம் பண்ணா எப்படி உருப்படுவீங்கன்னு நானே கிண்டல் பண்ணியிருக்கேன்.

அவரோட சட்டம் ஊருக்குத் தெரிஞ்சதும் சில பேரு வெவரமா ஒரு பந்தையும் சேத்து கேக்க ஆரம்பிச்சாங்க. பாய் அதுக்கும் மேல போனாரு. "கிளவுஸும் வேணும்ல? எந்தக் கைக்கு?"ன்னு சாதாரணமா கேப்பாரு. ஆடத் தெரியாதவன் வலது கைய நீட்டுவான். பந்தை வலது கையால எறியணும்னா கிளவுஸை இடது கையிலதான் மாட்டணும். அவ்ளோதான், "பேட்டு இல்ல, பந்து வேணா வாங்கிக்கினு போ." நான் ஒரு தடவை பக்கத்துல நின்னு வாயை மூடிக்கினு சிரிச்சேன். அப்ப சிரிப்பு வந்துச்சு.

ஏன் இப்படின்னு அவரா சொல்ல ரொம்ப நாள் ஆச்சு. ஒரு மழை நாள், கரண்ட் இல்ல, கடையில நானும் அவரும்தான், அப்ப சொன்னாரு. ரொம்ப மரியாதையா பேசற ஒருத்தன், அண்ணன் மகனுக்குன்னு சொல்லி பேட்டு மட்டும் வாங்கிக்கினு போனானாம். ஒரு வாரத்துல போலீஸ் அதே பேட்டை சாக்குல சுத்தி எடுத்தாந்து கவுண்டர் மேல வெச்சாங்களாம். கைப்பிடியில இவர் கடை ஸ்டிக்கரு. மறு முனையில மனுஷ முடி. அப்புறம் கோர்ட்டு, வாய்தா, கூண்டு. ஆமா, நான் வித்ததுதான்னு கூண்டுல ஏறி நின்னு இவர் சொல்லணும்.

"செத்தவன் பொண்டாட்டி முன்னாடிதான் ஒக்காந்திருந்துச்சு. அந்தம்மா அடிச்சவன பாக்கல டீச்சர். என்னிய பாத்துச்சு. கடைசி வரைக்கும் என்னியதான் பாத்துச்சு." அதுக்கப்புறம் கோர்ட்டு இருக்கற தெருவுல கூட அவர் போறதில்லன்னு சொன்னாரு. நான் மழையை பாத்துக்கினு இருந்தேன்.

இந்த மனுஷன்கிட்டதான் நான் அஞ்சலையை கூட்டிக்கினு போனேன்.

அஞ்சலைக்கு கல்வராயன் மலையில வெள்ளிமலைக்கும் மேல ஒரு சின்ன ஊரு. எங்க ஸ்கூல் பக்கத்து விடுதியில தங்கி பதினொண்ணாவது படிச்சா. எனக்கு அந்த வருஷம் மூணு நாள் பயிற்சி குடுத்து, பேஸ்பால் டீம் ஒண்ணு தயார் பண்ணுங்கன்னு அனுப்பியிருந்தாங்க. எறியற பந்தை அடிச்சிட்டு நாலு மூலையும் ஓடி வரணும், அவ்ளோதான் எனக்கே புரிஞ்சது. ஒரு ஓட்டை மர பேட்டை குடுத்து அஞ்சலையை அடிக்கச் சொன்னேன். பந்து வேப்ப மரத்தைத் தாண்டி, காம்பவுண்டைத் தாண்டி, மரவள்ளிக் காட்டுல போய் வுழுந்துச்சு. பேட்டு ரெண்டா பொளந்துடுச்சு. "சாரி மிஸ்"னு அழ ஆரம்பிச்சிட்டா. அடிப் பாவி, அழறதுக்கா இதுன்னு நான் அவளைக் கட்டிப் புடிச்சிக்கினேன்.

மாவட்டத்துல ஜெயிச்சோம். அடுத்து மாநிலப் போட்டி. அதுல நல்லா அடிச்சா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட்டு கெடைக்கும். அவ ஊர்ல காலேஜ் வாசலை மிதிச்ச பொண்ணு அதுவரைக்கும் கெடையாது. அதனால ஸ்கூல் காசுல அவளுக்குன்னே ஒரு பேட்டு வாங்கணும்னு முடிவு பண்ணேன்.

பாய் என்கிட்ட கிளவுஸ் கேள்வியெல்லாம் கேக்கல. நேரா அவளைப் பாத்து, "நீதான் அடிக்கறியாம்மா? வா, நில்லு"ன்னாரு. பேட்டை அவ காலு ஓரமா தரையில நிக்க வெச்சு, கைய தொங்க வுடச் சொன்னாரு. உள்ளங்கை கைப்பிடி குமிழ் மேல சரியா ஒக்காரணும், அதுதான் நீளமாம். அப்புறம் ஒத்தக் கையால பேட்டைப் பக்கவாட்டுல நீட்டிப் புடிக்கச் சொல்லிட்டு, "ஏக், தோ, தீன்"னு நிதானமா எண்ணுவாரு. முப்பதுக்குள்ள முனை எறங்கினா அது உன்னுது இல்ல.

அஞ்சலை கண்ணு கம்பியில இருந்த கறுப்பு பேட்டு மேல. இருக்கறதுலயே கனமானது அது. எடுத்து நீட்டினா. பாய் நாப்பது வரைக்கும் எண்ணிட்டாரு, முனை அசையல. வெறகு சொமந்த கை, மரவள்ளி மூட்டை தூக்கின கை.

"அல்லா! இன்னா பொண்ணு டீச்சர் இது!"

"அப்ப அதையே குடுங்க பாய்."

"ஊஹூம். தாங்கறது வேற, சுத்தறது வேற. கனம் ஜாஸ்தியானா கை லேட்டாவும். வாங்க." கடைக்குப் பக்கத்துச் சந்துல நிக்க வெச்சு அவரே டென்னிஸ் பந்தைப் போட்டாரு. கறுப்பு பேட்டுல அஞ்சுல மூணு தப்பிச்சிடுச்சு. உள்ள போய் மேல் தட்டுல இருந்து, துணியில சுத்தின ஒண்ணை எடுத்தாந்தாரு. அலுமினியம். மொத்தக் கனம் கம்மி, ஆனா கனமெல்லாம் முனையில ஒக்காந்திருக்கும். அடிச்சு தூரத் தள்றவங்களுக்குன்னே செஞ்சதாம். அதுல அஞ்சலை அடிச்ச மொதப் பந்து, எதிர்ல அடகுக் கடை ஷட்டர்ல டமார்னு வுழுந்துச்சு. சேட்டு வெளிய ஓடி வந்தாரு. பாய் கையைத் தட்டிக்கினு கொழந்தை மாதிரி சிரிச்சாரு. அந்த ஆட்டத்தை அவர் முழுசா ஒரு தடவை கூட பாத்ததில்ல, தெரியுமா? ஆனா எந்தக் கைக்கு எந்தப் பேட்டுன்னு தெரியும்.

கெளம்பறப்போ அரை டஜன் பந்தையும் சேத்து பையில போட்டாரு. "ஒண்ணு சொல்றேன் டீச்சர். இந்தப் பேட்ட பந்து இல்லாம எங்கியும் அனுப்பாதீங்க. எங்க போனாலும் ஜோடியா போவட்டும்."

"இன்னா பாய், மந்திரிச்சு தாயத்து கட்டற மாதிரி சொல்றீங்க?"

"அப்பிடியே வெச்சுக்கோங்க"ன்னாரு. நான் சிரிச்சிக்கினே பஸ் ஏறினேன்.

அரையாண்டு லீவு வந்துச்சு. லீவு முடிஞ்ச மறு வாரமே மாநிலப் போட்டி. விடுதியை மூடிடுவாங்க, அஞ்சலை மலைக்குப் போயே ஆகணும். பத்து நாள் பேட்டைத் தொடாம இருந்தா கை மறந்துடும்னு, பேட்டை எடுத்துக்கினு போன்னு நானே அவ கையில குடுத்தேன்.

"பந்து மிஸ்?"

இங்கதான் என் புத்தி வேலை செஞ்சுது. மலையில இவ அடிக்கற அடிக்கு ஒரு பந்து கூட திரும்பி வராது, சரிவுல உருண்டு ஓடைக்குப் போயிடும். போட்டிக்குப் பந்து வேணுமே. "பந்து வேணாம். சும்மா காத்துல வீசிப் பழகு. ஒரு நாளைக்கு நூறு தடவை"ன்னு சொல்லிட்டு, பந்தையெல்லாம் பீரோவுல வெச்சு பூட்டினேன். பாய் சொன்னது ஞாபகம் வரலியான்னு கேட்டா, வந்துச்சு. வந்தும்தான் பூட்டினேன்.

லீவு முடிய மூணு நாள் இருக்கறப்போ ஃபோன் வந்துச்சு. அஞ்சலையோட அப்பன் குடிச்சிட்டு வந்து, கையில அருவாளோட அவ அம்மாவை முடியைப் புடிச்சு வாசல்ல இழுத்திருக்கான். அஞ்சலை வாசல் ஓரமா பேட்டை வீசிப் பழகிக்கினு இருந்திருக்கா. அப்பன் தலையில ஒரே அடி. மலையில இருந்து கீழ எறக்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு.

ஃபோனை வெச்சதும் எனக்கு மொதல்ல தோணினது என்ன தெரியுமா? காலை நல்லா ஊனியிருப்பா, இடுப்பு முழுசா திரும்பியிருக்கும். நான் சொல்லிக் குடுத்த மாதிரியே. இதை நெனச்ச என்னை என்ன சொல்றது.

செத்தவனோட தம்பி போலீஸ்ல ஒரே பேச்சா நின்னான். "வெளையாட்டுக்குன்னா பந்து எங்க? பந்து இல்லாம பேட்ட மட்டும் எதுக்கு எடுத்தாந்தா? அடிக்கணும்னே திட்டம் போட்டு எடுத்தாந்தா." அஞ்சலை வாயே தொறக்கல. அந்த அடிக்கு அப்புறம் போலீஸ்கிட்ட, வக்கீல்கிட்ட, அவ அம்மாகிட்ட, யார்கிட்டயும் ஒரு சொல்லு கூட பேசல.

எங்க ஹெச்.எம். என்னை ரூமுக்குக் கூப்பிட்டு கதவை சாத்தினாரு. "நீங்க குடுத்தீங்களா, அதுவா எடுத்துக்கினு போச்சா? நல்லா யோசிச்சு எழுதுங்க டீச்சர்." ஸ்கூல் சாமானை வூட்டுக்குக் குடுத்தனுப்ப ரூல் கெடையாது. நான் யோசிக்கவே இல்ல. 'எனது அனுமதியின்றி, எனக்குத் தெரியாமல் மாணவி மட்டையை எடுத்துச் சென்றுள்ளார்' அப்படின்னு எழுதி கையெழுத்து போட்டேன். கை நடுங்கல.

மறு சனிக்கெழமை பாய் கடைக்குப் போனேன். ஸ்டிக்கரைப் பாத்து போலீஸ் அங்கயும் வந்துட்டு போயிருந்தாங்க. அவர்கிட்ட மட்டும் எல்லாத்தையும் கொட்டினேன். பேட்டைக் குடுத்தது, பந்தைப் பூட்டினது, லெட்டர் எழுதினது. ஒரு ஷட்டில் ராக்கெட்டுக்கு கைப்பிடி நாடா சுத்திக்கினே கேட்டாரு.

"எழுதினத திருப்பி வாங்குங்க டீச்சர்."

"வாங்கினா சஸ்பெண்டு பாய். எங்க வூட்டுக்காரருக்கு நெலையான வேலை இல்ல. ரெண்டு புள்ளைங்க."

"அந்தப் பொண்ணுக்கு?"

எனக்குக் கோவம் பொத்துக்கினு வந்துடுச்சு. "உங்களுக்கு இன்னா, கடைய வெச்சுக்கினு ஒக்காந்துக்கினு ஈஸியா பேசறீங்க! என் எடத்துல இருந்து பாருங்க!"ன்னு கத்தினேன். அவர் நாடாவைக் கீழ வெச்சாரு. எதிர்க் கடையில சொல்லி எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. நானும் மூக்கை உறிஞ்சிக்கினே குடிச்சேன். வெக்கங்கெட்டவ.

அஞ்சலைக்கு பதினெட்டு ஆகாததால கேசு சின்னப் புள்ளைங்க கோர்ட்டுக்குப் போச்சு, விசாரணை அன்னைக்கு கூண்டெல்லாம் இல்ல. ஒரு ரூம்பு, பெரிய மேஜை, பின்னாடி மூணு பேரு. மேஜை மேல துணியில சுத்தி, அட்டை கட்டின பேட்டு. அஞ்சலை ஒரு ஓரத்துல தலையைக் குனிஞ்சுக்கினு ஒக்காந்திருந்தா. என் லெட்டரைப் படிச்சு, இது உங்க கையெழுத்தான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அடுத்து பாயைக் கூப்பிட்டாங்க. வெள்ளை ஜிப்பா, தொப்பி போட்டுக்கினு வந்தாரு.

"இது நீங்க வித்ததா?"

"ஆமாங்க, நான் வித்ததுதான்." அதோட நிறுத்துவாருன்னு நெனச்சேன். அவர் நிறுத்தல. "லீவுக்கு முந்தி டீச்சரு, கைப்பிடி சுத்தறதுக்காக இத என் கடையில வுட்டுட்டு போனாங்க. திரும்ப வாங்கிக்கினு போவ இந்தப் பொண்ணு வந்துச்சு. போட்டி வருது, வூட்டுக்கு எடுத்துக்கினு போய் பழகட்டுமான்னு கேட்டுச்சு. நான்தான் எடுத்துக்கினு போன்னு சொன்னேன். டீச்சருக்குத் தெரியாது."

அத்தனையும் பொய். பேட்டு அந்தக் கடைக்குத் திரும்பிப் போகவே இல்ல. என் லெட்டரும் நிக்கணும், அவளும் திருடி எடுத்தாந்த மாதிரி ஆகக் கூடாதுன்னு சொல்றாரு.

"பழகறதுக்குன்னா, பந்து?"

பாய் மேஜை மேல இருந்த பேட்டைப் பாத்தாரு. லோக்கல் சரக்கை மீரட்டுன்னு சொல்லாத மனுஷன். "பந்தும் கேட்டுச்சுங்க. நான் குடுக்கல. பந்து இல்லாம பேட்ட மட்டும் குடுத்துட்டேன். தப்பு என்னுது."

அப்பதான் அஞ்சலை தலையைத் தூக்கினா. அவளுக்குத் தெரியுமே, யார் குடுத்தது, யார் பந்தைப் பூட்டினதுன்னு. அவ பாயைப் பாக்கல. மேஜைக்குப் பின்னாடி இருந்தவங்களைப் பாக்கல. என்னையே பாத்துக்கினு இருந்தா. நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெஞ்சை இறுக்கிப் புடிச்சிக்கினு ஒக்காந்திருந்தேன்.

வெளிய வந்து பாய் செருப்பைத் தேடிக்கினு இருந்தாரு. நான் கிட்ட போய், "பாய்..."னு இழுத்தேன்.

"பந்து இல்லாம குடுத்தேன்னு என் வாயால சொல்ல வெச்சிட்டீங்களே டீச்சர்"னாரு. செருப்பை மாட்டிக்கினு நடந்தே போய்ட்டாரு.

அம்மாவைக் காப்பாத்தத்தான் அடிச்சா, திட்டம் ஒண்ணும் இல்லன்னு சொல்லி சில மாசம் கழிச்சு அஞ்சலையை வுட்டுட்டாங்க. அதுக்குள்ள மாநிலப் போட்டியும் போச்சு, பரீட்சையும் போச்சு. அவ ஸ்கூலுக்குத் திரும்பல. அம்மாவும் மகளும் திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போய்ட்டதா சொன்னாங்க. நான் போய் பாக்கல. எந்த மூஞ்சியை வெச்சுக்கினு பாக்கறது?

பாயை ஊரு சும்மா வுடல. "பொண்ணுக்குன்னா பந்து இல்லாம குடுப்பீங்க, எங்களுக்குன்னா இல்லையா?"ன்னு பழைய காப்புக்காரனுங்க படியில நின்னு கேட்டானுங்களாம். எத்தனையோ வருஷம் கட்டிக் காத்த சட்டம் ஒரே நாள்ல சிரிப்பாப் போச்சு. அவர் ஒருத்தர்கிட்டயும் எடுத்துச் சொல்லல. நானும் சொல்லல. என் வேலை என்கிட்டயேதான் இருந்துச்சு.

அடுத்த வருஷம் புது டீம். ஸ்கூலுக்கு ஒரு பேட்டு வாங்கணும். சேலத்துக்குப் போய் வாங்கியிருக்கலாம். ஆனா பாய் கடைக்குத்தான் போனேன். அவர் திட்டுவாரு, நாலு வார்த்தை நறுக்குனு கேப்பாரு, நானும் அழுதுட்டு வந்துடலாம்னு ஒரு ஆசை இருந்துச்சுன்னு இப்ப தோணுது.

பாய் கேரம் காயினை எண்ணிக்கினு இருந்தாரு. தாடியில மருதாணி இல்ல, முழு வெள்ளை.

"பாய், ஸ்கூலுக்கு ஒரு பேட்டு வேணும்."

நிமிந்து என்னைப் பாத்தாரு. கோவமே இல்ல அந்த மொகத்துல. மறுபடியும் குனிஞ்சு, வுட்ட எடத்துல இருந்து காயினை எண்ண ஆரம்பிச்சாரு.

"பேட்டு இல்ல டீச்சர். பந்து வேணா வாங்கிக்கினு போங்க."

அவர் தலைக்கு மேல கம்பியில பேட்டுங்க தொங்கிக்கினுதான் இருந்துச்சு. நான் நிமிந்து பாக்கல. அரை டஜன் பந்து வாங்கி பையில போட்டுக்கினு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.